ஜப்பானின் வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் யார்?

"ஜப்பானைப் பாருங்கள்" என்ற வாக்கியத்தை என் பத்திரிகை வாழ்வில் எத்தனை தடவை அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. வரவு செலவுத் திட்ட விவாதம், கூட்டுறவுச் சங்க ஆண்டு விழா, பாடசாலைப் பரிசளிப்பு வைபவம் என்று எந்த மேடையாயினும் அந்த வாக்கியம் தவறாமல் வந்து சேரும். அதைத் தொடர்ந்து வரும் விளக்கமும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாகவே இருக்கும். பேரரசர் ஆணையிட்டார்; மக்கள் வாய்பேசாது உழைத்தனர்; ஒரு தலைமுறைக்குள் விவசாய நாடு கைத்தொழில் நாடாயிற்று; ஆகவே நமக்கும் வேண்டியது கேள்விக்கு அப்பாற்பட்ட ஒரு வலிய கை. இதுதான் அந்த விளக்கத்தின் சாரம்.

பேச்சாளர்கள் மாறினார்கள், ஆட்சிகளும் மாறின. ஆயினும் இந்த விளக்கம் மட்டும் மாறவில்லை. கடல்கடந்து வாழும் நம்மவர்களிடையேயும் இது செல்வாக்குடன் உலவுகிறது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இதில் பாதி உண்மை இருப்பதும், மறுபாதி ஆபத்தான பிழையாக இருப்பதும் தெரியவரும். 1868 முதல் 1945 வரை பேரரசின் பெயரால் நடைபெற்ற ஆட்சி பொருளாதாரத்தை எவ்வாறு கட்டியெழுப்பியது? அதற்கான செலவை யார் செலுத்தினார்கள்? இறுதியில் அந்தப் பேரரசு தான் கட்டியதையே எவ்வாறு எரித்தது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கறுப்புக் கப்பல்களுக்கு முன்

1603 முதல் தொக்குகாவா குடும்பத்தார் ஷோகன் என்ற பட்டத்துடன், இன்று டோக்கியோ எனப்படும் எடோவிலிருந்து ஆட்சி செலுத்தினர். பேரரசர் கியோட்டோ அரண்மனையில் சடங்குகளுக்கு உரியவராக ஒதுங்கியிருந்தார். ஐரோப்பியருள் ஒல்லாந்தருக்கு மட்டுமே வணிக அனுமதி இருந்தது. அதுவும் நாகசாக்கித் துறைமுகத்தில் தெஷிமா என்னும் சிறு செயற்கைத் தீவுக்குள் மட்டுமே. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி நம்மை ஆண்ட அதே ஒல்லாந்தக் கம்பனியினர், அங்கே அனுமதியின்றித் தீவுக்கு வெளியே காலடி வைக்க முடியாதவர்களாக இருந்தனர் என்பது நாம் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு.

கதவடைத்திருந்த அந்நாடு வறண்ட பூமியாக இருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எடோவின் மக்கள் தொகை பத்து இலட்சத்தை எட்டியது என மதிப்பிடப்படுகிறது. ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தையில், இனி விளையப்போகும் அரிசிக்கு இன்றே விலை பேசும் முன்பேர வணிகத்தை 1730 இல் அரசே அங்கீகரித்தது. கிராமங்களில் நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களை ஒத்த தெரகோயாக்கள் எழுத்தும் கணக்கும் கற்பித்தன. எனவே 1868 இல் பேரரசின் பெயரால் ஆட்சிக்கு வந்தவர்கள் வெற்று நிலத்தில் விதைக்கவில்லை. உழுது பண்படுத்திய நிலம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. மேடைப் பேச்சுக்களில் விடுபட்டுப்போகும் முதற் செய்தி இதுவாகும்.

1853 யூலையில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி மத்தியூ பெரி நான்கு போர்க்கப்பல்களுடன் எடோ விரிகுடாவின் வாயிலில் வந்து நின்றார். அவற்றைக் கறுப்புக் கப்பல்கள் என்று ஜப்பானியர் அழைத்தனர். மறு ஆண்டில் முதல் ஒப்பந்தமும் 1858 இல் வணிக ஒப்பந்தங்களும் திணிக்கப்பட்டன. வெளிநாட்டவர் குற்றம் இழைத்தால் ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க இயலாது. 1866 இன் உடன்பாட்டின்படி இறக்குமதித் தீர்வை ஐந்து வீதத்தை ஒட்டியே இருக்கவேண்டும். தன் கைத்தொழிலைத் தீர்வைச் சுவரால் காக்கும் உரிமை அந்நாட்டிடமிருந்து பறிக்கப்பட்டது. அந்த உரிமை 1911 இல்தான் முழுமையாக மீண்டது. ஆகவே ஜப்பானின் முதற் கைத்தொழில் வளர்ச்சி ஏறத்தாழக் கைகள் கட்டப்பட்ட நிலையிலேயே நிகழ்ந்தது.

பதினைந்து வயதுப் பேரரசர்

1868 ஜனவரியில் ஷோகன் ஆட்சி ஒழிந்து, ஆட்சி பேரரசரிடம் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டபோது பேரரசர் முட்சுஹித்தோவுக்கு வயது பதினைந்து. அவரது ஆட்சிக்காலமே மெய்ஜி யுகம் எனப்படுகிறது. ஒரு சிறுவரின் பெயரால் உண்மையில் ஆண்டவர்கள், சட்சுமா, சோஷு முதலிய மேற்குப் பிரதேசங்களைச் சேர்ந்த முப்பதுகளில் இருந்த கீழ்நிலைச் சாமுராய்கள் சிலர். ஒகுபோ தொஷிமிச்சி, கிடோ தகயோஷி, அவர்களிலும் இளையவரான இதோ ஹிரோபுமி ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். இவர்களுக்குள் ஓயாத கருத்து மோதல் இருந்தது. ஒருவர் தவறினால் இன்னொருவர் தடுத்தார். தனியொருவரின் வலிய கை என்று நாம் எண்ணுவது, உண்மையில் தம்முள் சச்சரவிட்டுக்கொண்ட ஒரு குழுவின் ஆட்சியே.

அந்தக் குழுவினர் முதலில் அறுத்தது தம் சொந்த வர்க்கத்தின் வேரை. 1871 இல் ஏறத்தாழ 260 சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டு மாவட்டங்களாக்கப்பட்டன. சாமுராய்களுக்குப் பரம்பரையாக வழங்கப்பட்ட அரிசிப் படி அரசாங்கச் செலவில் மூன்றிலொரு பங்கை விழுங்கிக்கொண்டிருந்தது. 1876 இல் அது நிறுத்தப்பட்டு, பதிலாகக் கடன் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அதே ஆண்டில் வாள் அணியும் உரிமையும் பறிக்கப்பட்டது. 1877 இல் சட்சுமாவில் சைகோ தகமோரி தலைமையில் மூண்ட கிளர்ச்சியை, விவசாயிகளின் பிள்ளைகளைக் கட்டாய சேவையில் சேர்த்து உருவாக்கிய புதிய இராணுவம் அடக்கியது. பழைய படி பெற்றவர்களின் பத்திரங்கள் பல வங்கி மூலதனமாக மாறின. 1879 அளவில் நாட்டில் 153 தேசிய வங்கிகள் இருந்தன. வீணாகிக்கொண்டிருந்த ஒரு செலவு இவ்வாறு முதலீடாயிற்று. நிதி நிர்வாகத்தில் இதைவிடத் துணிகரமான செயல்கள் அரிது.

நெல்வயல் செலுத்திய கட்டணம்

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். 1873 இல் நிலவரிச் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. அதுவரை விளைச்சலில் ஒரு பங்கை அரிசியாகச் செலுத்திய விவசாயி, இனி நிலத்தின் மதிப்பில் மூன்று வீதத்தைப் பணமாகச் செலுத்த வேண்டும். மழை பொய்த்தாலும் வெள்ளம் அள்ளிச் சென்றாலும் தொகை மாறாது. அரசுக்கு இது பெரும் வரப்பிரசாதம். ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியும். விவசாயிக்கோ அரிசியின் விலை வீழ்ந்தால் கழுத்தில் சுருக்கு. 1876 இல் பல மாவட்டங்களில் விவசாயிகள் மூங்கில் ஈட்டிகளுடன் கிளர்ந்தெழுந்த பின்னர், 1877 இல் வரி இரண்டரை வீதமாகக் குறைக்கப்பட்டது. வரி கேட்கும் மன்னனை வேலேந்திய வழிப்பறிகாரனுக்கு ஒப்பிட்ட வள்ளுவரின் நினைவு எனக்கு இவ்விடத்தில் வருவதுண்டு. இங்கே ஈட்டியை ஏந்தியவன் வரி செலுத்தியவனே.

1870களில் அரசின் வரி வருமானத்தில் சுமார் 80 வீதம் இந்த நிலவரியே. புகையிரதம், தந்தி, பாடசாலை, படைக்கலம் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது நெல்வயலே. 1870 இலும் 1873 இலும் லண்டனில் இரு கடன்கள் பெறப்பட்டன. முதற் கடன் பத்து இலட்சம் பவுண். வட்டி ஒன்பது வீதம். டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யொக்கஹாமாவுக்கும் இடையே 1872 இல் ஓடத் தொடங்கிய முதற் புகையிரதப் பாதைக்கு அது உதவியது. அதன் பின்னர் கால் நூற்றாண்டு காலம் ஜப்பான் வெளிநாட்டில் கடனுக்குக் கையேந்தவில்லை.

இதன் அருமையை உணர அதே காலத்து எகிப்தைப் பார்த்தாற் போதும். ஐரோப்பிய வங்கிகளில் வரம்பின்றிக் கடன் வாங்கிய எகிப்து 1876 இல் வங்குரோத்தானது; 1882 இல் பிரித்தானியப் படை அங்கே இறங்கியது. ஜப்பானியத் தலைவர்கள் இதைக் கண்கொட்டாமல் கவனித்துக்கொண்டிருந்தார்கள். 2022 இல் தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்த நாட்டின் பிரசை என்ற முறையில், இந்தப் பக்கத்தை என்னால் இலகுவாகக் கடந்து செல்ல முடியவில்லை. ஆனால் கடன் வாங்காமல் வளர்ந்தார்கள் என்று புகழும்போது, அந்தக் கடனுக்கு ஈடாகத் தம் வயிற்றைக் கட்டியவன் விவசாயி என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

உலகைப் படிக்கச் சென்றவர்கள்

1871 டிசம்பரில், அரசின் தலைவர்களுள் பாதிப் பேர் நாட்டைச் சகாக்களிடம் ஒப்படைத்துவிட்டு உலகைப் படிக்கப் புறப்பட்டனர். இவாகுரா தொமோமி தலைமை தாங்கிய தூதுக்குழு அது. ஒகுபோ, கிடோ, இதோ மூவரும் அதில் இருந்தனர். ஒப்பந்தங்களைத் திருத்துவது அவர்களது நோக்கங்களுள் ஒன்று, அது கைகூடவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொழிற்சாலைகள், சுரங்கங்கள், பாடசாலைகள், சிறைச்சாலைகள், பாராளுமன்றங்கள் என்று ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆண்டு சுற்றினர். குழுவின் எழுத்தர் குமே குனிதாகே கண்டவற்றையெல்லாம் ஐந்து தொகுதிகளில் எழுதி 1878 இல் வெளியிட்டார். சுயஸ் கால்வாய் வழியே திரும்பியபோது, 1873 ஆகஸ்டில் அக்குழு நம் காலித் துறைமுகத்திலும் இறங்கிச் சென்றது. இலங்கைக்கெனக் குமே ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். சுதந்திர நாடாக நிலைத்திருக்க வழி தேடியவர்கள், சுதந்திரத்தை இழந்த ஒரு தீவைத் தம் பயணத்தின் இறுதியில் கண்டு சென்றார்கள்.

அக்குழுவுடன் கல்வி கற்க அனுப்பப்பட்ட ஐந்து சிறுமியருள் இளையவரான ட்சுடா உமேகோவுக்கு அப்போது வயது ஆறு. பதினொரு ஆண்டுகளின் பின் தாய்மொழியையே மறந்தவராகத் திரும்பிய அவர், 1900 இல் பெண்களுக்கென உயர்கல்விக் கூடமொன்றை நிறுவினார்.

வெளியே சென்று கற்றதோடு, வெளியிலிருந்து ஆசான்களையும் வருவித்தனர். ஸ்கொட்லாந்தரான ஹென்றி டயர் 1873 இல் டோக்கியோவின் பொறியியற் கல்லூரிக்கு அதிபராகப் பொறுப்பேற்றபோது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். வெளிநாட்டு நிபுணர் சிலருக்கு அமைச்சரின் சம்பளத்துக்கு இணையான சம்பளம் வழங்கப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை எழுதப்படாமலேயே இருந்தது: பக்கத்தில் நிற்கும் ஜப்பானியர் வேலையைக் கற்றுக்கொண்டதும் வெளிநாட்டவர் விடைபெற வேண்டும். 1880களில் பெரும்பாலானோர் விடைபெற்றனர்.

கல்வியின் கதையும் நாம் எண்ணுவது போல எளிதாக நடந்தேறியதன்று. 1872 இல் கல்விச் சட்டம் வந்தபோது, பாடசாலைக் கட்டணமும் கட்டடச் செலவும் கிராமத்தவர் தலையிலேயே விழுந்தன. சில மாவட்டங்களில் சினங்கொண்ட மக்கள் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். 1873 இல் பாடசாலை வயதுப் பிள்ளைகளில் 28 வீதத்தினரே சேர்ந்திருந்தனர். பெண் பிள்ளைகளில் 15 வீதம். 1900 இல் ஆரம்பக் கல்விக்கான கட்டணம் நீக்கப்பட்டது. 1905 அளவில் ஆண், பெண் இருபாலாரிலும் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்துவிட்டனர். ஆணை பிறந்ததற்கும் அது நிறைவேறியதற்கும் இடையே ஒரு முழுத் தலைமுறை கழிந்திருக்கிறது.

மட்சுகாட்டாவின் கசப்பு மருந்து

தொடக்கத்தில் அரசே தொழிற்சாலைகளை நடத்தியது. கப்பற் கட்டுந்துறை, சுரங்கம், சீமெந்து, கண்ணாடி, நூற்பாலை என்று எல்லாவற்றிலும் கைவைத்தது. அவற்றுட் பல நட்டத்தில் ஓடின. சட்சுமாப் போர்ச் செலவுக்காகப் பணத்தாள்கள் அச்சடிக்கப்பட்டதால் விலைவாசி ஏறியது. 1881 இல் நிதியமைச்சராக வந்த மட்சுகாட்டா மசயோஷி பணத்தாள்களைத் திரும்பப் பெற்று அழித்தார். 1882 இல் ஜப்பான் வங்கியை நிறுவினார். நாணயம் வலுப்பெற்றது. அதே வேளை அரிசி விலை சில ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. வரியோ பணத்தில் நிர்ணயிக்கப்பட்டது, அது குறையவில்லை. கடனில் மூழ்கிய சிறு விவசாயிகள் நிலத்தை இழந்து குத்தகையாளராயினர். 1884 இல் சிச்சிபு மலைப்பகுதியில் பட்டுப்புழு வளர்த்த விவசாயிகள் கடன் தள்ளுபடி கோரி ஆயுதம் ஏந்தினர். இராணுவம் அவர்களை அடக்கியது, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர்.

அரச நிறுவனங்கள் தனியாரிடம் சென்றன. நாகசாக்கிக் கப்பற் கட்டுந்துறை மிட்சுபிஷிக்கும் மீகே நிலக்கரிச் சுரங்கம் மிட்சுயிக்கும் போயின. பின்னாளில் சைபட்சு எனப்பட்ட பெரும் குடும்பக் குழுமங்களின் வளர்ச்சிக்கு இது உரமாயிற்று. மீகேயில் நெடுங்காலம் நிலக்கரி வெட்டியவர்களுள் சிறைக்கைதிகளும் அடங்குவர் என்பது அவ்வரலாற்றின் இன்னொரு பக்கம்.

ஆயினும் தனியார் முயற்சியில் உண்மையான வீரியமும் இருந்தது. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நிதி அமைச்சின் பதவியைத் துறந்து வெளியேறிய ஷிபுசாவா எய்இச்சி ஏறத்தாழ 500 கம்பனிகளின் உருவாக்கத்தில் பங்குகொண்டார். அவர் முன்னின்று உருவாக்கிய ஒசாகா நூற்பாலை 1883 இல் 10,500 கதிர்களுடன் இயங்கத் தொடங்கியது. அதற்கெனவே யமனோபே தகேயோ என்ற இளைஞர் இங்கிலாந்து சென்று ஆலைத் தொழிலை நேரிற் கற்று வந்திருந்தார். இந்தியப் பருத்தியை மலிவாகக் கொண்டுவருவதற்காக, 1893 இல் நிப்பொன் யூசென் கப்பற் கம்பனி டாட்டாவுடன் சேர்ந்து பம்பாய்க்குக் கப்பல் விட்டது. 1897 இல் ஜப்பானின் நூல் ஏற்றுமதி இறக்குமதியை விஞ்சியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் லங்காஷயர் நூலால் திணறிய நாடு அது.

பட்டு நூற்ற கைகள்

இந்த ஆலைகளில் இரவு பகலாக நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். மெய்ஜிக் கால ஜப்பானின் தொழிற்சாலைத் தொழிலாளரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் அவர்களே.

1872 இல் தொமியோகாவில் பிரெஞ்சு நிபுணர் போல் புருனாவின் வழிகாட்டலில் அரசு மாதிரிப் பட்டாலையை நிறுவியபோது வேலைக்குப் பெண்கள் வர மறுத்தனர். பிரெஞ்சுக்காரர் அருந்திய சிவந்த வைன், கன்னியரின் இரத்தம் என்று வதந்தி பரவியிருந்தது. ஆலையின் பொறுப்பாளர் ஒதகா அட்சுதாதா தம் மகளையே முதலில் வேலைக்குச் சேர்த்து அச்சத்தைப் போக்கினார். அங்கு தொழில் கற்ற சாமுராய்க் குடும்பப் பெண்கள் ஊர் திரும்பி ஆசிரியைகளாயினர். அந்த ஆலை 2014 இல் உலக மரபுரிமைச் சின்னமானது.

பின்னர் வந்த தனியார் ஆலைகளின் கதை வேறு. நகானோ மாவட்டத்தின் ஒகாயாவில் நூற்றுக்கணக்கான பட்டாலைகள் எழுந்தன. மலைக்கு அப்பாலுள்ள ஹீடாப் பகுதியின் ஏழைச் சிறுமியர் பனி மூடிய நொமுகிக் கணவாயைக் கால்நடையாகக் கடந்து அங்கே வந்தனர். தந்தைக்கு முற்பணம் கொடுத்து ஒப்பந்தத்தில் கைநாட்டுப் பெறப்பட்டிருக்கும். நாளொன்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு மணி நேர வேலை. வெந்நீரில் கொதிக்கும் பட்டுக்கூட்டிலிருந்து நூல் பிரிக்கும் வேலை. இரவில் வெளியே பூட்டப்பட்ட விடுதி. நூலின் தரம் குறைந்தால் கூலியில் வெட்டு. 1913 இல் மருத்துவர் இஷிஹாரா ஒசாமு, ஆலைகளிலிருந்து நோயுற்று ஊர் திரும்பிய பெண்களிடையே காசநோய் பரவியிருந்ததை ஆய்ந்து வெளிப்படுத்தினார். தொழிற்சாலைச் சட்டம் 1911 இல் நிறைவேறி 1916 இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்ற அதன் வரம்பிலிருந்தும் பட்டாலைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

மெய்ஜிக் காலந்தொட்டு 1930கள் வரை ஜப்பானின் முதன்மை ஏற்றுமதி கச்சாப்பட்டு. அமெரிக்கப் பெண்மணிகளின் காலுறையாகிய அந்தப் பட்டு ஈட்டிய டொலரே இயந்திரமாகவும் உருக்காகவும் போர்க்கப்பலாகவும் திரும்பி வந்தது. மலையகத் தேயிலைக் கொழுந்தில் ஈட்டிய பணத்தில் வளர்ந்த நாட்டில் பிறந்த நமக்கு, இந்தக் கணக்கை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அஷியோ செப்புச் சுரங்கத்தின் கதையும் இத்தகையதே. சுரங்கக் கழிவு வதராசே ஆற்றில் கலந்து வயல்களைச் சாகடித்தது. பாராளுமன்ற உறுப்பினர் தனகா ஷோசோ 1891 முதல் சபையில் முழங்கிப் பார்த்தார், பலனில்லை. பதவியைத் துறந்து, 1901 டிசம்பரில் வீதியிற் சென்ற பேரரசரின் வண்டியை நோக்கி மனுவுடன் ஓடினார். காவலர் பிடித்துக்கொண்டனர். பாதிக்கப்பட்ட யனகா கிராமத்தின் வீடுகள் 1907 இல் அரசால் இடித்து அகற்றப்பட்டன. பேரரசரிடம் நேரே முறையிட்டால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு வரலாறு அளித்த பதில் இது.

போர் தந்த பணம்

1894-95 இல் சீனாவுடன் நடந்த போரில் ஜப்பான் வென்றது. ஷிமொனொசெக்கி உடன்படிக்கையின்படி சீனா 20 கோடி தேல் வெள்ளியை நட்டஈடாகச் செலுத்த வேண்டியிருந்தது. லியாவோதொங்கைத் திருப்பிக் கொடுத்ததற்காக மேலும் 3 கோடி சேர்ந்தது. ஜப்பானிய நாணயத்தில் இது 36 கோடி யென்னுக்கு மேல். போருக்கு முந்தைய ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் நான்கு மடங்குக்கும் அதிகம். இதை அடிப்படையாக வைத்து 1897 இல் ஜப்பான் பொன் நியமத்தில் இணைந்தது. 1901 இல் யவாட்டா உருக்காலை இயங்கத் தொடங்கியது. பொன் நியமம், உருக்காலை இரண்டும் பாடநூல்களில் இடம்பிடித்துவிட்டன. நட்டஈட்டின் பெரும்பகுதி இராணுவ, கடற்படை விரிவாக்கத்துக்கே சென்றது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பணத்திலும் பெரிய தீங்கை விளைவித்தது அந்தப் போர் கற்பித்த பாடம். போர் இலாபம் தரும் தொழில் என்ற எண்ணம் அந்நாட்டின் ஆளும் வட்டத்தில் வேரூன்றியது. 1904-05 இல் ரஷ்யாவுடன் நடந்த போர் அதைப் பொய்யாக்கியது. எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மாண்டனர். லண்டனிலும் நியூயோர்க்கிலும் பெருங்கடன் பெறப்பட்டது. நட்டஈடாக ஒரு சதமும் கிடைக்கவில்லை. 1905 செப்டெம்பரில் டோக்கியோவின் ஹிபியாப் பூங்காவில் திரண்ட மக்கள் ஆத்திரத்தில் பொலிஸ் காவலரண்களை எரித்தனர். ஆசியா முழுவதும் அவ்வெற்றியைக் கொண்டாடியது; வென்ற நாட்டின் மக்களோ வரிச் சுமையில் குமுறினர்.

1895 இல் தாய்வானும் 1910 இல் கொரியாவும் குடியேற்றங்களாயின. தாய்வானிலிருந்து சீனியும் அரிசியும், கொரியாவிலிருந்து அரிசியும் வந்தன. 1918 இல் அரிசி விலையேற்றத்தால் ஜப்பானெங்கும் கலவரம் மூண்ட பின், கொரியாவில் நெல் உற்பத்தியைப் பெருக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. உற்பத்தி பெருகியது, ஏற்றுமதி அதைவிட வேகமாகப் பெருகியது, கொரியர் உண்ட அரிசியின் அளவு குறைந்தது.

ஒரு நிதியமைச்சரின் கொலை

லண்டனில் அந்தப் போர்க்கடனைத் திரட்டியவர் தகஹாஷி கொரேகியோ. இளமையில் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்று, விளங்காத ஒப்பந்தமொன்றில் கையொப்பமிட்டு அடிமைக்கு நிகரான வேலைக்காரனாக அகப்பட்டுக்கொண்டவர் அவர். உலகப் பொருளாதார மந்தத்தில் பட்டு விலை சரிந்து, வடகிழக்குக் கிராமங்களில் வறுமை தாளாது பெற்ற பெண்களை விற்கும் அவலம் நேர்ந்த காலத்தில், 1931 டிசம்பரில் அவர் மீண்டும் நிதியமைச்சரானார். பொன் நியமத்தைக் கைவிட்டார். யென்னின் பெறுமதியை இறங்கவிட்டார். ஜப்பான் வங்கியிடம் கடன் பத்திரங்களை விற்றுச் செலவிட்டார். மேலை நாடுகள் பல தத்தளித்துக்கொண்டிருந்தபோதே ஜப்பான் மந்தத்திலிருந்து மீண்டது.

மீண்ட பின்னர், பணவீக்கம் வராதிருக்க இராணுவச் செலவுக்குக் கடிவாளமிட முயன்றார். 1936 பெப்ரவரி 26 அதிகாலையில் இளம் இராணுவ அதிகாரிகள் அவரது இல்லத்துள் புகுந்து, 81 வயது முதியவரைப் படுக்கையிலேயே கொன்றனர். பேரரசரின் பெயரால்தான் அவர்கள் அதைச் செய்தார்கள்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1889 இன் அரசியல் யாப்பு படைகளின் தலைமையைப் பேரரசரிடம் ஒப்படைத்திருந்தது. பாராளுமன்றத்துக்கோ அமைச்சரவைக்கோ படை நடத்துவதில் அதிகாரமில்லை. சேவையிலுள்ள தளபதிகளே படைத்துறை அமைச்சர்களாகலாம் என்ற விதி 1900 இல் வந்து, 1913 இல் தளர்ந்து, 1936 இல் மீண்டும் இறுகியது. அமைச்சர் ஒருவரைத் தர மறுப்பதன் மூலமே இராணுவம் ஓர் அமைச்சரவையைக் கவிழ்க்கலாம். ஆணை யார் பெயரில் பிறக்கிறதோ அவர் பொறுப்பேற்க மாட்டார். ஆணையைப் பிறப்பிப்பவரைக் கேள்வி கேட்க எவராலும் முடியாது. நம் மேடைகள் போற்றும் வலிய கையின் உண்மைத் தோற்றம் இதுவே.

எரிந்ததும் எஞ்சியதும்

1937 இல் சீனாவில் முழுப்போர். 1941 இல் அமெரிக்காவுடன் போர். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பும், 9 ஆம் திகதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஆனால் தமிழருக்கு நேர்ந்த பேரழிவு வேறிடத்தில் காத்திருந்தது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் சயாம், பர்மா காடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 415 கிலோமீற்றர் புகையிரதப் பாதை அமைக்க ஏவப்பட்டனர். பசியாலும் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் அவர்கள் மாண்ட தொகை இன்றுவரை சரியாக எண்ணப்படவில்லை. 1872 இல் ஷிம்பாஷியில் ஓடிய முதற் புகையிரதம் பேரரசின் பெருமை என்றால், 1943 இல் முடிந்த இந்தப் பாதையும் அதே பேரரசின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும்.

1945 ஆகஸ்டில் எல்லாம் முடிந்தபோது ஜப்பானியரில் சுமார் முப்பது இலட்சம் பேர் இறந்திருந்தனர். நகரங்கள் சாம்பலாகியிருந்தன, குடியேற்றங்கள் கைவிட்டுப் போயின. 1947 இல் நடைமுறைக்கு வந்த யாப்பு பேரரசரை நாட்டின் சின்னமாக மட்டும் வைத்தது. சைபட்சு தலைமை நிறுவனங்கள் கலைக்கப்பட்டன. நிலச் சீர்திருத்தத்தால் குத்தகை நிலம் 46 வீதத்திலிருந்து பத்து வீதமளவுக்குக் குறைந்தது. மட்சுகாட்டா காலத்தில் பாட்டன் இழந்த நிலத்தைப் பேரன் மீண்டும் பெற்றான். 1951 இல் சான்பிரான்சிஸ்கோவில், குண்டுவீச்சுக்கும் பிற இழப்புக்கும் நட்டஈடு கோரும் உரிமை இலங்கைக்கு இருந்தும் அதனைக் கோரப்போவதில்லை என்று அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன உரையாற்றியது பலரும் அறிந்ததே.

குடியேற்றமும் பெரும் படையும் இல்லாத அந்த ஜப்பான், முன்னெப்போதும் காணாத வேகத்தில் வளர்ந்தது. மெய்ஜி மறுமலர்ச்சியின் நூற்றாண்டான 1968 இல் மேற்கு ஜேர்மனியை முந்தி, முதலாளித்துவ நாடுகளில் இரண்டாம் இடத்தைப் பெற்றது. பாடசாலை, தொழில்நுட்பம், வங்கி, நிர்வாகத் திறன் முதலிய மெய்ஜிக் காலத்து நல்விதைகள் அதற்கு உதவின என்பதை மறுப்பதற்கில்லை. எரிந்துபோனது, எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அதிகாரம்.

2024 யூலையில் ஜப்பான் புதிய நாணயத்தாள்களை வெளியிட்டது. பத்தாயிரம் யென் தாளில் ஷிபுசாவா. ஐயாயிரம் யென் தாளில், ஆறு வயதில் கப்பலேறிய ட்சுடா உமேகோ. பேரரசரோ தளபதியோ அவற்றில் இல்லை. நொமுகிக் கணவாயில் நடந்த சிறுமியரும் இல்லை.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை எவராவது மேடையேறி "ஜப்பானைப் பாருங்கள்" என்றால், தாராளமாகப் பாருங்கள். எந்த ஆண்டின் ஜப்பானைப் பார்க்கச் சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள். அதற்கான செலவை யாரிடம் அறவிடப்போகிறார் என்றும் கேளுங்கள். தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வார் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லையெனில், அவர் நம்மை அழைத்துச் செல்வது 1868 க்கா, 1936 க்கா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.